சர்க்கரை உள்ள பெரியவர்களுக்குத் தசை கரைகிறதா? வீட்டிலேயே அளந்து பார்த்து நிறுத்தும் வழி

"சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது, உடம்பும் இளைத்துவிட்டது" என்று அறுபத்தெட்டு வயதுக்காரர் சொன்னால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இளைத்தது எது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கொழுப்பு கரைந்தால் நல்லது. தொடையும் ஆடுசதையும் கரைந்திருந்தால், அடுத்து வருவது குளியலறையில் ஒரு விழுகை, இடுப்பெலும்பு முறிவு, படுக்கை. எடை பார்க்கும் மெஷினுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் எடையோடு சேர்த்துக் காலையும் அளக்க வேண்டும்.

வயதானால் யாருக்கும் தசை குறையும். இரண்டாம் வகை சர்க்கரை நோய் அந்த வேகத்தைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 70 முதல் 79 வயதுக்காரர்கள் மூவாயிரம் பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஹெல்த் ஏபிசி ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களின் கால் பலம் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தது. சர்க்கரை உள்ள பெண்களின் தொடைத் தசை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுருங்கியது. காரணம் இன்சுலின். அது சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்புவதோடு, தசைப் புரதம் சிதையாமலும் காக்கிறது. உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது அந்தக் காவலும் தளர்கிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வது தசை. தசை குறைந்தால் சர்க்கரை போக இடமில்லாமல் ஏறுகிறது, ஏறிய சர்க்கரை தசையை மேலும் கெடுக்கிறது.

குண்டாக இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். தொப்பை பெரிதாகவும் கைகால் குச்சியாகவும் இருக்கும் உடல்வாகு நம்மவர்களிடம் சகஜம். எடை கூடுதல், தசை குறைவு என்ற இந்தச் சேர்க்கை, இரண்டும் தனித்தனியாக இருப்பதைவிட மோசம். வெளியே தெரியாது என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது.

பத்து நிமிடத்தில் வீட்டுச் சோதனை

தேவையானவை ஒரு தையல் டேப், கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி, ஸ்டாப்வாட்ச் உள்ள செல்போன், பக்கத்தில் நிற்க ஒரு ஆள். கீழே தரும் எல்லை அளவுகள் ஆசியர்களுக்காக 2019-ல் வகுக்கப்பட்டவை.

முதலில் ஆடுசதை. நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் முழுதாகப் பட, முழங்கால் செங்கோணத்தில் இருக்கட்டும். ஆடுசதையின் மிகப் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். தோல் அமுங்கக் கூடாது, டேப் தொங்கவும் கூடாது. மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, பெரிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு 34 செ.மீ.க்குக் கீழேயும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழேயும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். டேப் இல்லாவிட்டால் இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள். வளையத்துக்குள் கால் தொளதொளவென்று இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த அளவு ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. காலில் நீர் கோத்திருந்தால் டேப் பெரிய எண்ணைக் காட்டும். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். குழி நின்றால் டேப் அளவை நம்பாதீர்கள், அடுத்த சோதனைக்குப் போங்கள். நீர் கோத்ததற்கான காரணத்தை மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது நாற்காலிச் சோதனை. மற்றவற்றைச் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். இருக்கை தரையிலிருந்து 43 முதல் 45 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். நாற்காலியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வளையும், வழுக்கும். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து நின்று உட்கார்வதை முடிந்த வேகத்தில் ஐந்து முறை செய்ய வேண்டும். முதல் முறை எழத் தொடங்கும்போது கடிகாரத்தை ஓடவிட்டு, ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் நிறுத்துங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைவு. கை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை என்றால் நேரம் பார்க்க வேண்டியதே இல்லை. முழங்கால் வலியால் மெதுவாக எழுபவருக்கும் இதே முடிவுதான் வரும். அதனால் "வலித்ததா, பலம் போதவில்லையா" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நடை: தரையில் 6 மீட்டர் குறித்து, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மீட்டர் விட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். இடையிலுள்ள 6 மீட்டருக்கு 6 வினாடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்துவிட்டது. "சோதனை" என்று சொன்னால் பெரியவர்கள் வேகமெடுப்பார்கள். கடைக்குப் போவதுபோல் நடக்கச் சொல்வது நல்லது.

கைப்பிடி பலத்தை அளக்க மருத்துவமனையில் கருவி உண்டு. ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் பலவீனம் என்று கணக்கு. வீட்டில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிய முடியவில்லை, பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுகிறார், ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கத் திணறுகிறார், டவுன் பஸ் படியேறக் கம்பியை இரண்டு கையாலும் பிடிக்கிறார், தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை என்பதெல்லாம் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தார் என்றும் கேளுங்கள். "கால் இடறிச்சு, அவ்வளவுதான்" என்று சொல்வதையும் விழுந்த கணக்கில் சேருங்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்

வயதையும் சர்க்கரை வந்து எத்தனை வருடமாயிற்று என்பதையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை நிறைய உண்டு. நம் வீடுகளில் அவற்றில் முதலிடம் பத்தியத்துக்குத்தான்.

சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து சோறு பாதியாகிறது. நியாயம்தான். ஆனால் குறைத்த சோற்றின் இடத்தில் எதுவும் வருவதில்லை. கொழுப்பு என்று முட்டை போகிறது, வாயு என்று சுண்டல் போகிறது, பல் இல்லை என்று கறி போகிறது. இரவுச் சாப்பாடு இரண்டு கோதுமை ரவை இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ ஆகிவிடுகிறது. சர்க்கரை அளவு அழகாக இறங்கும். உடம்பு தனக்கு வேண்டிய புரதத்தைத் தொடையிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது சர்க்கரையே. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி வருடக்கணக்கில் 9, 10 என்று நிற்பவருக்குத் தசை வேகமாகக் கரைகிறது. அதற்காக 6-க்குக் கொண்டுவரப் பாடுபட்டு அடிக்கடி லோ சுகர் ஆகிறவருக்கும் நல்லதில்லை. ஒருமுறை மயங்கி விழுந்தவர் பயத்தில் நடமாட்டத்தையே குறைத்துக்கொள்வார். மற்றபடி ஆரோக்கியமாக உள்ள முதியவருக்கு 7 முதல் 7.5-க்குக் கீழே, பல நோய்களோடு தளர்ந்தவருக்கு 8-க்குக் கீழே என்பது பொதுவாக வைக்கப்படும் இலக்கு. எண்பது வயதுப் பாட்டிக்கு 6.2 வந்தால் கைதட்டுவதற்கு முன், இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ தேவைக்கு மேல் போகிறதா என்று கேளுங்கள்.

நரம்பு பாதிப்பு மூன்றாவது. பாதம் மரத்துப்போவதை எல்லாரும் கவனிக்கிறார்கள். ஆனால் தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பும் அதே நோயில் பழுதாகிறது. உத்தரவு வராத தசை சும்மா கிடந்து வற்றும். செருப்பு காலைவிட்டுக் கழன்றுபோவது தெரியவில்லை, நடக்கும்போது முன்பாதம் தொங்கித் தரையில் உரசுகிறது என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

மருந்துகளில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும், வயிற்றுப்போக்கு தரும். பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அது நரம்பைப் பாதிக்கும். செமாகுளூடைட், டிர்செபடைட் ஊசிகள் எடையை நன்றாகக் குறைக்கின்றன. ஆய்வுகளில் அப்படிக் குறைந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை கொழுப்பல்லாத திசு. ஏற்கெனவே ஒல்லியான எழுபது வயதுக்காரருக்கு இந்த ஊசி எதற்கு என்று ஒரு கேள்வி கேட்பது தப்பில்லை. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் மாதக்கணக்கில் போகும் ஸ்டீராய்டு, சர்க்கரையை ஏற்றித் தசையையும் அரிக்கும். பெயர் தெரியாத "வலிப் பொடி"யிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். சாப்பிட்ட மறுநாளே வலி மாயமாகிவிட்டால் சந்தேகப்படுங்கள்.

இவை தவிர வைட்டமின் டி குறைவு, புகை, குடி, சிறுநீரக பாதிப்பு, துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வு, வீட்டைவிட்டு இறங்காமை எல்லாம் பட்டியலில் உண்டு. இரண்டு மூன்று ஒருவரிடமே சேர்ந்திருந்தால் மேலே சொன்ன சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள்.

தட்டில் எவ்வளவு புரதம்

சிறுநீரகம் நன்றாக இருக்கும் முதியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். நம் வழக்கமான சைவச் சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது? காலையில் மூன்று இட்லி 6 கிராம், சாம்பாரும் சட்னியும் 4. மதியம் ஒன்றரைக் கப் சாதம் 6, சாம்பார், பொரியல், மோர் சேர்த்து 8. இரண்டு வேளைக் காபியில் 4. இரவு இரண்டு சப்பாத்தியும் குருமாவும் 9. கூட்டினால் 37 கிராம். பருப்பு போட்ட சாம்பார்தானே என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் இருக்கும் பருப்பைத் தனியே எடுத்தால் ஒரு டேபிள்ஸ்பூன் தேறினால் அதிகம்.

மிச்சமுள்ள 23 முதல் 35 கிராமை ஒரே வேளையில் போடாமல் பிரிக்க வேண்டும். வயதான தசை சின்ன அளவுக்கு அசைந்து கொடுக்காது. ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் சேர்ந்தால்தான் வேலை தொடங்கும். ஆகவே மூன்று வேளையையும் உயர்த்துவதே சரி, குறிப்பாகப் புரதம் குறைந்துபோன காலை, இரவு வேளைகளை. காலை இட்லியை இரண்டாக்கி இரண்டு முட்டை வைத்தால் 10 கிராம் கூடுகிறது. முட்டை ஆகாதவர்கள் பருப்பு பாதிக்கு மேல் போட்டு அரைத்த அடை இரண்டு சாப்பிட்டால் 12 கிராம், கூட ஒரு டம்ளர் பாலில் 6. மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துக் குழைய வேகவைத்த சுண்டலில் 8 கிராம் வரும். பல் இல்லாதவருக்கு அதையே மசித்துக் கொடுக்கலாம். இரவுக் குருமாவில் 25 கிராம் மீல்மேக்கர் போட்டால் 13 கிராம், 50 கிராம் பன்னீர் போட்டால் 9. அசைவம் உண்டென்றால் கணக்கு சுலபம். நூறு கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராம் கிடைத்துவிடும். மத்தி, சங்கரா எதுவானாலும் சரி, வறுக்காமல் குழம்பாக இருக்கட்டும். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவருக்கு வேண்டாம்.

சத்துமாவுக் கஞ்சியை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. அதில் பெரும்பகுதி தானிய மாவு. குடித்த ஒரு மணி நேரத்தில் சர்க்கரை ஏறும், புரதம் சொற்பம். டப்பாப் பவுடர் வாங்கினால் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம் என்பதை மட்டும் படியுங்கள்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. டயாலிசிஸுக்குப் போகாத சிறுநீரக நோயாளிக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவே பரிந்துரை. டயாலிசிஸில் இருப்பவருக்கு மறுபடி 1 முதல் 1.2 கிராம். இதில் ஒரு பொறி இருக்கிறது. சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றியவருக்கு அது இயல்பிலேயே குறைவாக இருக்கும், ரிப்போர்ட்டில் சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். மிக ஒல்லியானவர்களுக்குச் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற சோதனையும், தேவைப்பட்டால் தசை அளவை அதிகம் சாராத சிஸ்டாட்டின் சி ரத்தச் சோதனையும் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

வாக்கிங் மட்டும் போதாது

தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவருக்கும் தொடை வற்றும். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் தசை வளர அதற்குப் பழக்கமில்லாத சுமை வேண்டும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு, 25 நிமிடம் ஒதுக்கினால் போதும். மற்ற நாட்களில் வாக்கிங் போகட்டும்.

தொடங்குமுன் சில விஷயங்கள். நெஞ்சு வலி, சமீபத்திய இதயச் சிகிச்சை, விழித்திரையில் ரத்தக்கசிவு அல்லது லேசர் சிகிச்சை இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். முற்றிய விழித்திரை நோயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். இன்சுலினோ கிளிமெபிரைடு வகையோ எடுப்பவர் முன்னதாகச் சர்க்கரை பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம். 70-க்குக் கீழே என்றால் பயிற்சி வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று ஓய்வு. வெறும் வயிற்றில் செய்யாமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்வது நம்மவர்களுக்குத் தோது. வெறுங்காலோடு வேண்டாம், பின்பட்டி உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள்.

நாற்காலியில் எழுந்து உட்கார்வதுதான் தலைமைப் பயிற்சி. பாதத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். தசைக்கு வேலை கூடுவது இந்த இறங்கும் நேரத்தில்தான், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்து முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. எழ முடியாதவர் இருக்கையில் கெட்டியான தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளட்டும். முழங்கால் வலியால் எழச் சிரமப்படுபவரும் இப்படியே செய்யலாம். பத்து சுலபமானதும் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம், பிறகு இரண்டு பாட்டில்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது ஆடுசதைக்கு. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கையை ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரைத் தள்ளுவது மார்புக்கும் கைக்கும். முதுகுக்கு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி இடுப்புவரை இழுக்கலாம், கம்பி ஆடாததாகப் பாருங்கள். வாசல்படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஏறி இறங்குவது இடுப்புக்கு. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. கடைசியில் மேடைப் பக்கம் நின்று ஒரு பாதத்தை மற்றொன்றுக்கு நேர் முன்னே வைத்து அரை நிமிடம் நிற்பது நிலைதடுமாறாமல் இருக்க.

எவ்வளவு கடினமாக என்பதற்கு அளவுகோல் இது: ஒரு சுற்று முடியும்போது "இன்னும் இரண்டு முறை செய்வேன், மூன்று முடியாது" என்று தோன்ற வேண்டும். பேசிச் சிரித்துக்கொண்டே முடித்தால் சுமை போதாது. ஆறு மாதமாக அதே ஒரு லிட்டர் பாட்டிலோடு நிற்பவர்களுக்குப் பலன் நின்றுபோவது இதனால்தான். மறுநாள் தொடையில் லேசான வலி வருவது சகஜம், அதற்காக விட வேண்டாம். மூட்டுக்குள் குத்தும் வலியோ, நெஞ்சடைப்போ, தலைசுற்றலோ வந்தால் நிறுத்த வேண்டும். உடனே சர்க்கரை இறங்காவிட்டாலும் அன்றிரவு இறங்கலாம். முதல் இரண்டு வாரம் பயிற்சி நாட்களில் படுக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடிக்கடி இறங்கினால் மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவைக் குறைக்கும் நேரம் வந்திருக்கிறது, பயிற்சியைக் குறைக்கும் நேரம் அல்ல.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்

முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதத்தில் எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோக்காரருக்கு 3 கிலோ, குறைந்தால் காத்திருக்க வேண்டாம். தைராய்டு, காசநோய், புற்றுநோய், கட்டுமீறிய சர்க்கரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒரே பக்கக் கால் மட்டும் மெலிந்தாலும், தொடை கடுமையாக வலித்துச் சில வாரங்களில் வற்றினாலும் உடனே காட்டுங்கள், அது வேறு நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம். சாதாரண பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவை இருந்தால் போதும். தசை அளவைத் துல்லியமாகச் சொல்வது டெக்ஸா ஸ்கேன். நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்று தெரிந்த பிறகு அதற்காகக் காத்திருந்து பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கும்போது டேப்பைப் பார்த்து மனம் தளராதீர்கள். முதலில் மாறுவது நாற்காலி நேரம். 16 வினாடி 13 ஆகும், சுற்றளவு அப்படியே நிற்கும். பலம் முன்னே வரும், பருமன் பின்னால்தான் வரும்.

கடைசியாக, ஆஸ்பத்திரிப் படுக்கை. நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. காய்ச்சலோ அறுவையோ சேர்ந்தால் இழப்பு கூடும். ஆகவே கண்புரையோ காய்ச்சலோ, சேர்த்த அன்றே "எப்போதிலிருந்து எழுந்து நடக்கலாம்?" என்று வார்டில் கேளுங்கள். நடக்க அனுமதி இல்லாவிட்டால் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கவும், தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடவும், மணிக்கொரு முறை பத்துத் தடவை செய்யச் சொல்லலாமா என்று கேளுங்கள். பார்க்க வருகிறவர்கள் ஆர்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கி வருவார்கள். அவித்த முட்டை கொண்டுவரச் சொல்லுங்கள்.